நாற்பது வரிகளில் ஒரு நாடு

ஜனவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

உன் களஞ்சியம் எழுதுவது. நலமாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் நலந்தானே? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒருவழியாக நம் முறை வந்துவிட்டது! நேற்றுக் காலை என் மேசைக்கு வந்த தலைப்புச் சீட்டுகளில் மேலே கிடந்த சீட்டில் நம் நாட்டின் பெயர். நான்கு வருடமாக இந்த நீள மேசையில் உட்கார்ந்து ஏரி, எரிமலை, எண்ணெய் வித்து என்று கலைக்களஞ்சியத்துக்காக உலகத்தையே வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நம் பெயரைப் பார்த்ததும் பசையைக் கொட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன, தெரிந்த இடமா?" என்று கேட்டார். "தெரிந்த இடமாவது, என் வீடே அங்கேதான்" என்றேன்.

நமக்கு நாற்பது வரி ஒதுக்கியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு குதிரை இனத்துக்கு அறுபது வரி கொடுத்தோம். ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். எதை நீட்டினாலும் பாதியை வெட்டுகிற ஆள் என்று முன்பே எழுதியிருக்கிறேனே, கத்தரிக்கோல், அவர்தான். "குதிரை பெரியது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

இப்போது உன் உதவி வேண்டும். இங்கே அலமாரியில் நம்மைப் பற்றி ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. ஏழும் நம்மை ஆண்டவர்கள் எழுதியவை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒன்று தும்மினால் ஏழுக்கும் சளி பிடிக்கிறது. அங்கேயே இருந்து, அதே புவியியலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. முதலில் பரப்பளவைச் சொல். புத்தகங்கள் இருநூற்றுப் பதினான்கு சதுர மைல் என்கின்றன. சரிதானா?

நம் நாடு வருகிற இந்த மூன்றாம் தொகுதி அச்சுக்குப் போனதும் கப்பல் ஏறிவிடுவேன். இது சத்தியம்.

உன்,
களஞ்சியம்


ஜனவரி 31

அன்புள்ள களஞ்சியத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் மாமாவும். மாமாவின் முழங்கால் சுகமாக இருக்கிறது, வாய் அதைவிடச் சுகமாக இருக்கிறது.

சத்தியம் எல்லாம் எதற்கு? இரண்டு வருடம் என்று சொல்லிப் போனீர்கள். அப்புறம் முதல் தொகுதி முடியட்டும் என்றீர்கள், அப்புறம் இரண்டாவது. அகரவரிசைப்படி குடும்பம் நடத்துகிற ஒரே மனிதர் உலகத்தில் நீங்கள்தான். நம் நாட்டின் பெயர் கடைசி எழுத்தில் தொடங்காததற்கு நான் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். பரப்பளவு தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வருடா வருடம் கரும்பலகையில் இருநூற்றுப் பதினான்கு என்று எழுதுகிறவள் நான்தானே? ஆனாலும் நீங்கள் கேட்டதும் ஒரு சந்தேகம் வந்தது. நில அளவை அலுவலகத்துக்குப் போனேன். சுங்கக் கிடங்குக்கு மேலே இரண்டே அறைதான் அலுவலகம். அங்கே இருக்கிற அளவையாளரை ஊரில் எல்லோரும் சங்கிலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அளக்கிற சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டே கல்யாணத்துக்கும் வருகிற மனிதர். நான் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் எந்த வேளைக்குக் கேக்கறார் டீச்சர்?"

"இதுக்கு என்னங்க வேளை?"

அவர் என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். கடல் இறங்கியிருந்தது. கிழக்குக் கரையில் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அதன் கடைசியில், தண்ணீரின் ஓரமாக, பழைய மரக்கம்பங்கள் வரிசையாக நின்றன. "அந்தக் கம்பம் வரைக்கும் நம்ம நாடுன்னு அவங்க புத்தகத்துல இருக்கு. சாயங்காலம் வந்து பாருங்க, கம்பமே முழுகிடும். காலையில ஒரு நாடு, சாயங்காலம் ஒரு நாடு. நான் அளந்தது முழுகாத நாடு. நூத்து எண்பத்தி ஒன்பது."

இருபத்தைந்து சதுர மைல் சேறு! இத்தனை நாள் பிள்ளைகளுக்கு நண்டு வளையைத்தான் நாடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆண்டவர்கள் ஏன் கடல் இறங்கும் நேரம் பார்த்து அளந்தார்கள்? உங்கள் ஏழு புத்தகத்தில் எதிலாவது இருக்கிறதா, பாருங்கள். தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உங்கள்,
டீச்சர்


பிப்ரவரி 21

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நூலகத்தில் பழியாய்க் கிடந்தேன். உனக்குத் தூக்கம் வராது என்றால் எனக்குச் சோறு இறங்குமா? ஏழு புத்தகத்திலும் இல்லை. நம் முதல் ஆட்சியாளர்கள் ஓர் அரசாங்கமே இல்லை, வியாபாரக் கம்பெனி என்பது உனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் பழைய விளம்பரத் தாள்கள் வேறொரு மாடியில் கிடைத்தன. நம் நாட்டை ஏக்கர் ஏக்கராகப் பிரித்து இந்த ஊர்ப் பணக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒருவரும் நேரில் வந்து பார்த்ததில்லை. விற்க ஏக்கர் போதவில்லை போலிருக்கிறது. கடல் இறங்கும்வரை காத்திருந்து, சேற்றில் கம்பம் நட்டு, அதையும் அளந்து விற்றுவிட்டார்கள். நினைத்துப் பார், இந்த ஊரில் ஒரு துரை தன் மகளுக்குச் சீதனமாக நம் கடலைக் கொடுத்திருப்பார்!

கத்தரிக்கோலிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் ஜெயித்தோம் என்று அர்த்தம். நூற்று எண்பத்தொன்பது என்று மாற்றியாயிற்று. உன் கணவன் ஒரே வாரத்தில் நாட்டைச் சுருக்கிய பெருமைக்கு உரியவன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. என் அறையின் வெந்நீர்க் குழாய் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் சுடுகிறது. நான் வந்து உட்கார்ந்ததும் ஆறிவிடுகிறது. வீட்டுக்காரம்மாளிடம் புகார் சொன்னால், "அதற்கு உன்னைப் பிடிக்கவில்லை" என்கிறாள்.

அடுத்தது மலை. கொடிமலைதான் நம் உயரமான மலை, ஆயிரத்து முந்நூற்று ஐம்பது அடி என்று ஒரே வகுப்பில் உட்கார்ந்து கத்திக் கத்திப் படித்தோமே, நீ முன்வரிசை, நான் கதவோரம். பரப்பளவில் சூடு பட்ட பிறகு எனக்கு அதன்மேலும் சந்தேகம். ஒரு தடவை ஏறிப் பார்க்க முடியுமா? அப்புறம், முதல் ஆட்சியாளர்கள் போய் இரண்டாவது ஆட்சியாளர்கள் வந்த கதையை அப்பாவிடம் கேட்டு எழுது. இங்கே ஒரே வரிதான் இருக்கிறது: 'ஒப்பந்தப்படி கைமாறியது.' என்னவோ பழைய நாற்காலி கைமாறியது போல.

உன் நினைவாகவே இருக்கும்,
களஞ்சியம்


மார்ச் 17

அன்புள்ள களஞ்சியத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை கொடிமலை ஏறினோம். நான், சங்கிலி, எங்கள் பள்ளியின் டிராயிங் டீச்சர். அவளுக்கு மலை முக்கியமில்லை, மலையேறப் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். பாதி வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உச்சியில் அந்தப் பழைய கொடிக்கம்பத்தின் அடிமேடை இருக்கிறதல்லவா, அதில் நின்றோம். அங்கிருந்து துறைமுகம் மொத்தமும் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் உள்நாட்டுப் பக்கம் மொட்டைமலை. மேகம் விலகியிருந்ததால் நன்றாகத் தெரிந்தது. பார்க்க நமக்குச் சமமாக இருக்கிற மாதிரிதான் இருந்தது. சங்கிலி தன் பையிலிருந்து தட்டையான ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். வேறு ஒன்றுமில்லை, மாமாவின் இருமல் மருந்துக் குப்பி. அதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது கேட்டு வாங்கிப் போயிருந்தார். பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"தண்ணி கோணாது டீச்சர். அந்தக் கோட்டு வழியாப் பாருங்க. கோட்டுக்குக் கீழ இருந்தா அது நம்மைவிடக் குட்டை. மேல இருந்தா?"

பார்த்தேன். மொட்டைமலையின் தலை தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நின்றது. கொஞ்ச நஞ்சமல்ல, நன்றாகவே மேலே. டிராயிங் டீச்சர் வாங்கிப் பார்த்தாள். மறுபடி நான் பார்த்தேன். கை ஆடியிருக்குமோ என்று பாறைமேல் வைத்தும் பார்த்தோம். மாற்றமில்லை.

நூறு வருடமாக நாட்டின் உயரமான மலை தப்பு! கப்பலில் வந்தவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து தெரிந்தது கொடிமலை மட்டும்தான். அதில் கொடி ஏற்றினார்கள். கொடி ஏற்றிய இடத்தைவிட உயரமான இடம் இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பின்னால் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கும்தான் தோன்றவில்லை. நான் மலையுச்சியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு விஷயம் கையில் கிடைத்த அந்த நிமிடத்தில் முதலில் யாரிடம் சொல்வேனோ, அந்த ஆள் அங்கே இல்லை. இரண்டு வாரம் கழித்து விமானத் தபாலில் படிக்கப் போகிறீர்கள்.

இனி மாமாவின் கதை. துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர் என்பதால் கப்பல் சமாச்சாரம் எல்லாம் அவருக்குச் சொந்தச் சமாச்சாரம். ஒப்பந்தத்தில் குறித்த தேதியில் பழைய ஆட்சியாளர்கள் கொடியை இறக்கி, பெட்டியைக் கட்டி, ஒழுங்காகக் கிளம்பிவிட்டார்களாம். புதியவர்களின் கப்பலைக் காணோம். புயலில் வழி தவறிவிட்டது. மழைக்காலம் முழுக்க வரவில்லை.

"அவன் போய்ட்டான், இவன் வரலை. கேக்க ஆளில்ல. ஆனா விளக்கு எரிஞ்சுது, சந்தை கூடிச்சு, யாரும் யாரையும் அடிச்சுக்கலை. கொடிக்கயிறு சும்மா கிடக்குதேன்னு துணி காயப்போட்டிருக்காங்க. அப்பப் பார்த்து இவன் கப்பல் வருது. கேப்டன் தூரத்துல இருந்து பார்க்கறான், கம்பத்துல பூப்போட்ட போர்வை பறக்குது. இது எந்த நாட்டுக் கொடின்னு புரியலை. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, ஒரு நாள் முழுக்கக் கடல்லயே நின்னிருக்கான், பயந்தாங்கொள்ளி!"

அந்த மழைக்காலம்தான் நம்முடைய முதல் சுதந்திரம், பின்னால் வந்தது இரண்டாவது என்பது மாமாவின் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடும் இப்போது அப்படித்தான் நடக்கிறது. விளக்கு எரிகிறது, சமையல் ஆகிறது, கேட்க ஆளில்லை. எனக்கு இது சுதந்திரமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள்,
டீச்சர்


ஏப்ரல் 8

அன்புள்ள டீச்சருக்கு,

பூப்போட்ட போர்வையை இந்த அலுவலகமே கொண்டாடிவிட்டது. ஒவ்வொரு மேசையாக நின்று சொல்லவேண்டியதாயிற்று. கத்தரிக்கோல்கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெட்டினார். ஆள்வோர் இல்லாத காலத்துக்கு வரி ஒதுக்க இடமில்லையாம். "அப்போது ஒன்றும் நடக்கவில்லையே" என்கிறார். ஒன்றும் நடக்காததுதான் ஐயா விசேஷம் என்று மன்றாடினேன். கேட்கவில்லை.

மலையை விடவில்லை நான். "இதற்கு என்ன சான்று?" என்றார். "என் மனைவி, அப்புறம் ஒரு இருமல் மருந்துக் குப்பி" என்றேன். அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நில அளவை அலுவலகம் முத்திரையோடு எழுதிக்கொடுத்தால் ஏற்றுக்கொள்வாராம். சங்கிலியிடம் முறைப்படி அளந்து அனுப்பச் சொல். இடுப்பிலிருந்து சங்கிலியை அவிழ்க்க ஒரு நல்ல காரணம் கிடைத்ததாக இருக்கட்டும்.

நீ மலையில் உட்கார்ந்து என்மேல் கோபப்பட்ட வரியை நாலைந்து தடவை படித்தேன். அந்த நிமிடத்தில் அங்கே இருந்திருக்க என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இதை நம்பு.

ஒரு சேதி. எப்படி எழுதுவது என்று யோசித்தே நாலு நாள் கடிதம் தள்ளிப்போயிற்று. கத்தரிக்கோல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடைசித் தொகுதிவரை பிரிவு ஆசிரியராக இருக்கச் சொல்கிறார். வெப்ப மண்டல நாடுகள் எல்லாம் என் பொறுப்பு. இந்த அலுவலகத்தில் நம் ஆள் எவனும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சரி என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

கடைசியாக ஒன்றுதான் பாக்கி: மக்கள்தொகை. நாமே எண்ணுகிற முதல் கணக்கெடுப்பு இந்த மாதம் தொடங்குகிறதாமே? புத்தகங்களில் இருப்பது தோட்டக் கூலிகளின் கைகளை எண்ணி எழுதிய கணக்கு. குழந்தைகளும் கிழவர்களும் அதில் இல்லை. புது எண் வந்ததும் உடனே அனுப்பு. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உன்,
களஞ்சியம்


மே 2

அன்புள்ள களஞ்சியத்துக்கு,

முதலில் கணக்கெடுப்பு. ஆசிரியர்கள் எல்லோருக்கும் வேலை போட்டுவிட்டார்கள். எனக்குச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற நாலு தெரு. நடந்து நடந்து கால் போய்விட்டது, ஆனால் இவ்வளவு சுவாரசியமான வேலை நான் செய்ததே இல்லை. ஒரே வீட்டில் நடுவில் தட்டி வைத்து வாழ்கிற அண்ணன் தம்பி, குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் இரண்டு பேரும் கை தூக்குகிறார்கள். ஒரு தையல்காரர் தன் கிளியைச் சேர்த்தால்தான் மற்றப் பேரைச் சொல்வேன் என்றார். ஓர் அம்மாளிடம் வயதைக் கேட்டேன். "உனக்கு என்ன தோணுதோ எழுதிக்கோ, முப்பதைத் தாண்டாம பார்த்துக்கோ" என்றாள். பக்கத்தில் அவளுடைய மகன் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு இருபத்தெட்டு.

நம் தெரு டிராயிங் டீச்சருக்கு. சொந்த வீட்டை நாமே எண்ணக்கூடாது என்பது விதி. சனிக்கிழமை காலை வந்தாள். மாமா ஒருவர், நான் ஒருவர். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"சாரை எப்படி டீச்சர்? வெளியூர்ல இருக்கறவங்க ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடுவாங்கன்னா சேர்க்கணும். இல்லேன்னா சேர்க்கக்கூடாது. வந்துடுவாரா?"

மாமாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இதென்னம்மா கேள்வி? அவன் இந்த வீட்டுப் பிள்ளை. எழுது மூணுன்னு!"

இதே கேள்வியை நாலு தெருவிலும் கதவு கதவாகத் தட்டிக் கேட்டுவிட்டு வந்தவள் நான். ஒருத்தி யோசிக்காமல் "வர்றார்" என்றாள், ஒருத்தி யோசிக்காமல் "வரமாட்டான், தலை முழுகியாச்சு" என்றாள். யோசித்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான். கடைசியில் டிராயிங் டீச்சரே பரிதாபப்பட்டு, "பென்சில்ல போட்டுட்டுப் போறேன், ஜூன் பாதிக்குள்ள சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். நாற்காலி உங்களுக்குப் பொருத்தமானதுதான். அதில் எனக்குப் பெருமைதான், பொறாமை இல்லை. ஆனால் நான் பதில் சொல்லிவிட்டால் பழி என்மேல் விழும். போகச் சொன்னாள், வரச் சொன்னாள் என்று இரண்டு விதமாகவும் பேசலாம். அதனால் நான் சொல்லப்போவதில்லை, கேட்கிறேன். ஆறு மாதத்துக்குள் வருவீர்களா, மாட்டீர்களா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வேறு எந்தச் சேதியும் வேண்டாம்.

எனக்கு நீங்கள் வரவேண்டும். இதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் தெரியாது என்று சொல்லக்கூடாது.

டீச்சர்


மே 26

என் அன்பான டீச்சருக்கு,

உன் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். எந்தச் சொல்லை எழுதினாலும் அது பாதிப் பொய்யாக இருக்கிறது.

சங்கிலியின் முத்திரைக் கடிதம் வந்தது. மொட்டைமலை ஆயிரத்து நானூற்று இருபது அடி. கத்தரிக்கோல் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். நேற்று உன் மலையை என் கையாலேயே அச்சுக்கு எழுதினேன். அந்த வரியை எழுதியபோது நீ பாறைமேல் உட்கார்ந்து சிரித்த சத்தம் கேட்டது. நான் இங்கே இருப்பதால்தானே இது நடந்தது? அங்கே இருந்திருந்தால் யார் எழுதியிருப்பார்கள், யார் திருத்தியிருப்பார்கள்? இன்னும் எத்தனை சின்ன நாடுகள் வரிசையில் நிற்கின்றன தெரியுமா? அவற்றின் மலையெல்லாம் எந்தத் துரை எங்கிருந்து பார்த்து எழுதியதோ!

என்னைச் சேர்த்துக்கொள். ஆறு மாதம் என்பது அலுவலகத்துக்காகப் போட்ட விதி. நம் கிழக்குக் கரைச் சேற்றை நினைத்துப் பார். அலை ஏறிய நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடியில் நிலம் நிலமாகத்தானே இருக்கிறது? நானும் அப்படித்தான். மனசால் அந்த வீட்டைவிட்டு நான் ஒரு நாளும் வெளியே வரவில்லை. நான் இல்லாத கணக்கு சரியான கணக்காகுமா? மூன்று என்றே எழுதச் சொல்.

அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். எண் வந்ததும் தந்தி மாதிரிச் சுருக்கமாகவாவது எழுது.

என்றும் உன்,
களஞ்சியம்


ஜூன் 24

களஞ்சியத்துக்கு,

வழவழா கொழகொழா என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட சொல் அதில் இல்லை.

சேற்றின் கதையை என்னிடமே சொல்கிறீர்களா? அந்தச் சேற்றைக் கணக்கிலிருந்து எடுத்தது நீங்கள்தானே? முழுகுகிற நிலத்தில் வீடு கட்ட முடியாது, பயிர் வைக்க முடியாது, அதனால் அது நாடு இல்லை என்று சங்கிலி முடிவு செய்தார், நீங்கள் அச்சேற்றினீர்கள். இந்த நாலு வருடத்தில் நான் அதில்தான் குடியிருந்திருக்கிறேன். தண்ணீர் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டே.

டிராயிங் டீச்சர் வீட்டுக்கு நானே போய், எடுத்துவிடச் சொன்னேன். அவளிடம் ரப்பர் இல்லை. என் கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். திரும்பி வந்து வகுப்பில் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். பாடம் முடியும்வரை ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. அதைவிடச் சங்கடம்தான் அதிகம்.

மாமா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் தட்டை நகர்த்துகிறார்.

நீங்கள் கேட்ட எண் நேற்று அறிவித்தார்கள். நம் நாட்டின் மக்கள்தொகை அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பதினேழு. சிலருக்கு ஏமாற்றம், லட்சம் வரும் என்று நினைத்தார்களாம். எனக்கு இல்லை. அதில் சந்தைத் தெருவில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும். காலி இடத்தில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர்


ஆகஸ்ட் 29

அன்புள்ள டீச்சருக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் தொகுதி வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி கப்பலில் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்தையும் அதனுள்ளேயே வைத்திருக்கிறேன். நம் நாடு வரும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிறு வைத்துக் கட்டியிருக்கிறது. மெதுவாகப் படி. நாற்பது வரி என்றார்கள், சண்டை போட்டு நாற்பத்திரண்டாக வாங்கினேன். மலை இருக்கிறது. பரப்பு இருக்கிறது. போர்வைதான் இல்லை.

நான்காம் தொகுதி வேலை தொடங்கிவிட்டது. நாற்காலி விஷயமாக இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கத்தரிக்கோல் தினமும் கேட்கிறார்.

அப்பாவிடம் புத்தகத்தைக் காட்டு.

களஞ்சியம்


அக்டோபர் 4

பெறுநர்: பிரிவு ஆசிரியர் அவர்கள், வெப்ப மண்டல நாடுகள்

ஐயா,

தங்கள் கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி கிடைத்தது. எங்கள் நாட்டைப் பற்றிய பகுதியை மெதுவாகவே படித்தோம். பரப்பளவு சரி. மலையின் பெயரும் உயரமும் சரி, அதற்காக நில அளவை அலுவலகத்தின் சார்பில் நன்றி சொல்லும்படி அளவையாளர் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மொட்டைமலை வந்த இடத்தில் கை தட்டினார்கள்.

ஒரு பிழை இருக்கிறது. மக்கள்தொகை அறுபத்தோராயிரத்து நானூற்றுப் பதினெட்டு என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதி அனுப்பியது பதினேழு. இது அச்சுப் பிழை இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் என் மாமனார். என்னோடு மூன்று மாதமாகப் பேசாதிருந்தவர், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பாரும்மா, திருட்டுப்பய உள்ள பூந்துட்டான்!" என்று கத்தினார். அப்புறம் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் உடனே சிரிப்புத்தான் வந்தது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

சேற்றை நாடென்று எழுதியவர்களை நாம் இருவரும் எத்தனை கேலி செய்தோம்! இருக்கிற இடத்தை விட்டுவிட்டு இல்லாத இடத்தைக் கணக்கில் எழுதுவது அவர்களுடைய வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது ஊர் ஊராக, ஆயிரக்கணக்கான அலமாரிகளில், எங்கள் நாட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் இல்லை. காலையில் மாமாவுக்கு மருந்து கொடுக்கும்போது பார்த்தேன், இரண்டு தட்டுத்தான் கழுவி வைத்திருந்தது.

எங்கள் கணக்கெடுப்பின் இறுதி அறிக்கை டிசம்பர் கடைசியில்தான் வெளிவருகிறது. அதுவரை திருத்தம் ஏற்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து கப்பல் வர ஒரு மாதம் ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த அறிக்கைக்குப் பிறகு இது குறித்து நான் யாருக்கும் எழுதப்போவதில்லை.

ஆகவே அடுத்த பதிப்பில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். குறைக்க மனமில்லை என்றால் அந்த ஆளை அனுப்பிவையுங்கள், எங்கள் கணக்கை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை